டீனுக்குக் கொடுத்த லாகின்

மழைக்காலம். காலை பதினொன்றே காலுக்கு நஸ்ரின் போன் செய்தாள். "சார், பத்து நிமிஷமா ஏரி கேமரா ஒண்ணுகூட வரல. வெளிய மழை கொட்டுது சார்!"

பூந்தமல்லி பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எஸ்.டி.என். நெட்வொர்க் போட்டது நான்தான். பழைய முறையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். இதில் எல்லா சுவிட்சுக்கும் ஒரே கன்ட்ரோலர். ஒரே திரையில் எந்தப் பாதையையும் திறக்கலாம், மூடலாம். ஆராய்ச்சிக்கென்று தனிப் பாதை ஒதுக்கியிருந்தேன். ஹாஸ்டல் மொத்தமும் கிரிக்கெட் பார்த்தாலும் அதைத் தொடாது.

நஸ்ரின் அங்கே ஆராய்ச்சி மாணவி. ஏரிக்கரைகளில் கேமரா வைத்து, மழையில் தண்ணீர் ஏறும் வேகத்தைக் கணக்கிடுகிறவள். அந்தக் கேமராக்களில் சேமிக்க இடம் கிடையாது. வருவதை அப்படியே லேபில் பிடித்தால்தான் உண்டு. இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு பெருமழை அமையவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும்.

நான் அப்போது பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குள் வேலையாக இருந்தேன். லேப்டாப்பை கேட்டிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். கெஞ்சி, கையெழுத்துப் போட்டு அதை வாங்கி, பாதையைத் திறக்க நாற்பது நிமிடம் ஆனது. ஏரி ஏற வேண்டிய அளவுக்கு ஏறி முடித்திருந்தது.

பாதையை மூடியது டீன்.

நம் தொழிலில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. எந்த சிஸ்டம் போட்டாலும் அங்குள்ள பெரியவருக்கு அட்மின் லாகின் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தொடவே மாட்டார், ஆனால் கொடுக்காவிட்டால் அவமரியாதை. முதலில் நான், பார்க்க மட்டும் முடிகிற லாகினைத்தான் கொடுத்தேன். "ஏம்பா, நான் வேடிக்கை பாக்கறதுக்கா டீனா இருக்கேன்?" என்றார். என் மேனேஜர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "குடுத்துடு நைனா. பெரிய மன்சன். ஒரு லாகின்ல இன்னா கொறஞ்சிடப் போவுது?" நானும் சோம்பேறித்தனமாக, புதிதாக ஒன்று போடாமல், என் லாகினையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று அரங்கத்தில் ஒரு விழா. நேரலை திக்கியிருக்கிறது. டீன் போனில் கன்ட்ரோலரைத் திறந்திருக்கிறார். ஆராய்ச்சிப் பாதை சிவப்பாக இருந்திருக்கிறது. சிவப்பு என்றால் டேட்டா நிறையப் போகிறது என்று பொருள். ஏரி நிரம்புகிறது, அவ்வளவுதான்.

"செவப்பா இருந்துச்சுப்பா, ஏதோ கோளாறுன்னு பிளாக் பண்ணேன்" என்றார் சாவகாசமாக, மாலையில் நான் போய்க் கேட்டபோது. "நீயே பாரு, ஃபங்ஷன் பிரமாதமா போச்சு."

நேரலை திக்கியது அரங்கத்து வைஃபையால். அவர் மூடிய பாதைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை.

மறுநாள் விசாரணைக் கூட்டம். பிளாக் செய்த நேரம், கன்ட்ரோலர் தானாக எழுதிவைக்கும் லாகில் இருந்தது, லாகின் என்னுடையது என்பதால் என் பெயரோடு. டீன் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் மேனேஜர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி முடித்தார்கள். கையெழுத்துப் போட்ட என் கையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வராந்தாவில் நஸ்ரின் லாக் பிரின்ட்டோடு நின்றாள். "பதினொண்ணு அஞ்சுக்கு பிளாக் பண்ணது நீங்கன்னு இருக்கே சார்?"

அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். டீனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவருக்கு செவப்புன்னா என்னன்னு தெரியாது சார்" என்றாள். "உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

இப்போது எந்தப் பெரியவர் கேட்டாலும் பார்க்கிற லாகின்தான். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மரியாதைக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன், அது போதும்.