நிழலுக்கு வைத்த வாய்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு நிழல் மனிதன் இருந்தான். உள்ளங்கை அகல மரக்கட்டையில் சித்தப்பா செதுக்கிய உருவம் அது. திருச்சியில் அச்சான ஒரு சிறிய வாரப் பத்திரிகைக்கு அவர் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷ மழையில் கொள்ளிடக் கரை ஓரிடத்தில் உடைந்து, வயல்களெல்லாம் மணல்மேடாகிவிட்டன. ஏன் உடைந்தது என்று விசாரித்து எழுதிய அறிக்கையை அரசாங்கம் அலமாரியில் பூட்டிவைத்து, வெளியே விடவில்லை. அதனால் வாராவாரம் சித்தப்பாவின் நிழல் மனிதன் கோட்டுப் போட்டுக்கொண்டு, பூட்டிய அலமாரிக்கு முன்னால் நின்றான். கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. தலைமுதல் கால்வரை ஒரே கறுப்பு. அதே கட்டை வாராவாரம் அச்சகம் போய்த் திரும்பும்; கீழே போடும் வாசகம்தான் மாறும். பத்திரிகைக்காரர்களுக்கும் கட்டைச் செலவு மிச்சம்.

அந்த அலமாரி இருந்த அலுவலகத்தில்தான் அப்பா குமாஸ்தா. அவரும் கோட்டுப் போடுவார். "ஆபீஸ் சமாச்சாரம் ஒரு வார்த்தை வெளியில போனாலும் அப்பாவுக்கு வேலை போயிடும். எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று அம்மா எங்களை எச்சரித்து வைத்திருந்தாள். அப்பா அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார். சாதம் போதுமென்றால் இலைமேல் கையை வைத்து மறிப்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் அவர் வாசற்படியில் வந்து நின்றார். முதுகுக்குப் பின்னால் தெரு முழுக்க மஞ்சள் வெயில். முகம் தெரியவில்லை. கட்டையில் இருந்தவனே இறங்கி வந்தாற்போல் கோட்டும் தலையும் ஒரே கறுப்பு. "அப்பா" என்றேன். அந்தக் கறுப்புத் தலை என் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சித்தப்பா வாராவாரம் அப்பாவைத்தான் வாயில்லாமல் அச்சடிக்கிறார், அதனால்தான் அவருக்கு வாய் போய்விட்டது என்று என் ஏழு வயதுப் புத்தி தீர்ப்பு எழுதிவிட்டது.

செதுக்கின இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும் என்று சித்தப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். மறுநாள் அவர் குளிக்கப் போனதும் மாடியேறினேன். அச்சகத்துக்கு அனுப்பக் காகிதத்தில் சுற்றிக் கட்டிய கட்டை மேஜைமேல் இருந்தது. பிரித்தேன். சில்லென்றிருந்தது. அவன் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. கண்ணில்லாதவன் எப்படிப் பார்ப்பான் என்று யோசிக்கிற தைரியமெல்லாம் அப்போது இல்லை. உளியை அழுத்தி, அப்பா முன்பெல்லாம் சிரிக்கும் அளவுக்கு அகலமாக ஒரு வாய் வைத்தேன். பழையபடி சுற்றிக் கட்டிவிட்டு ஓடிவந்தேன்.

அந்த வாரத்துப் பத்திரிகை வந்தது. நிழல் மனிதன் வெள்ளை வாயைத் திறந்துகொண்டு நின்றான். சித்தப்பாவின் புதுக் குறும்பு என்று அச்சகத்தில் நினைத்திருக்கிறார்கள். அவனுக்குக் கீழே, யாரும் பார்க்க முடியாத அந்த அறிக்கையின் சங்கதி அச்சாகியிருந்தது. கரையில் விரிசல் விட்டதை முன்னாடியே எழுதிப் போட்டும் மேலே யாரும் கண்டுகொள்ளவில்லையாம். கடைத்தெருவில் அதே பேச்சு. "உள்ளே இருக்கிற கோட்டுக்காரன்தான்யா வாயைத் திறந்துட்டான்!"

அப்பா மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கையில் பத்திரிகை. நேரே சித்தப்பாவிடம் போய் நின்றார்.

"உன்னை நம்பித்தானேடா சொன்னேன். சொன்னது நான்தான்னு படம் போட்டு வேற காட்டணுமா?"

சித்தப்பா பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். தான் செதுக்காத அந்த வாயைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா இது நான் பண்ணலைண்ணா" என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "அப்பாவுக்கு வாய் வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன். அவள் என்னை இழுத்து மடியில் அமுக்கி, என் வாயை இறுகப் பொத்தினாள். அவள் கண் ஏன் தெருவாசலையே பார்க்கிறது என்று எனக்குப் புரியவில்லை.