நாலாவது தெர்மாமீற்றர்

ஆரையம்பதியில் நல்லரத்தினத்தைக் 'கக்கூசு ஐயா' என்பார்கள். கிணற்றுக்கு மருந்து போடுவது, மலசலகூடத்துக்குக் குழி அளப்பது, நுளம்பு முட்டையிட்டிருக்கிறதா என்று பூச்சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று முழுதாகச் சொல்ல ஊருக்கு நேரமில்லை. அவரும் கோபிப்பதில்லை, எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சைக்கிளை நிறுத்திவிடுவார்.

இரண்டாயிரமாம் ஆண்டு, சவூதியில் வீட்டுவேலைக்குப் போயிருந்த கண்ணகை காய்ச்சலோடு வந்து இறங்கினாள். அங்கே கால்நடைகளிலிருந்து ஆட்களுக்குத் தொற்றும் பொல்லாத காய்ச்சலொன்று நடமாடுவதாகச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். அவளோ ஆட்டுப்பட்டியும் பார்த்தவள். ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறையில் வைத்து, இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவளோடு பழகியவர்களைக் கவனிக்கும் பொறுப்பு நல்லரத்தினத்தின் தலையில் விழுந்தது.

அவளுடைய தாய் சீதேவிப்பிள்ளை அவரைப் படலையிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் யார் யார் என்று கேட்டார். தானும் புருசனும் பேத்தியும்தான், வேறொரு காக்கை குருவி எட்டிப்பார்க்கவில்லை என்றாள். பதில் வந்த வேகத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஆமிக்காரர் சுற்றிவளைக்க வந்தாலும் இதே கேள்விதான், இதே பதில்தான். உண்மை சொன்ன வீடுகளில் என்ன நடந்ததென்று அவருக்கும் தெரியும். ஆனால் ஒருவரை விட்டுவிட்டால், அந்த ஆளோடு காய்ச்சல் எந்த ஊருக்குப் போய்ச் சேருமோ?

அவர் பேனையைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு, படலையடியிலேயே குந்திப் பையைத் திறந்தார். காலையும் மாலையும் எல்லாரும் சூடு பார்க்கவேண்டும், முடிவு வருமட்டும் ஒருவரும் வளவைத் தாண்டக்கூடாது என்று விளங்கப்படுத்தினார்.

"எத்தன தெர்மாமீற்றர் தர அக்கா?"

சீதேவிப்பிள்ளை பைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"ஆளுக்கொண்டு கட்டாயமா ஐயா?"

"கட்டாயம். ஒராள் வாயில வெச்சத்த மத்தாள் வைக்கப்படா."

"அப்ப நாலு தாங்க."

நாலைக் கொடுத்தார். வாங்கின கையை அவள் மடக்கவில்லை. கேட்கமாட்டீங்களா என்றாள்.

"நான் தேடுறது காய்ச்சல அக்கா. ஆள இல்ல."

அதன்பிறகு அவர் தினமும் வேலிக்கு வெளியே சைக்கிளில் காலூன்றி நிற்பார். அவள் ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் குரலை இறக்கி, "மத்ததுக்கும் சூடில்ல" என்பாள்.

ஒருநாள் மூன்று பேரோடு நிறுத்திவிட்டாள். ஆமி தேடுகிற அவளுடைய இளைய மகன்தான் அந்த நாலாவது ஆள். விடியமுதல் போய்விட்டானாம்.

"போகக்குள்ள சூடிருந்ததா?"

"இல்ல ஐயா. பாத்துப்போட்டுத்தான் போனவன். அதையும் கொண்டுபோயிட்டான். சூடு கண்டா ஆக்களுக்குக் கிட்டப் போகமாட்டன், ஐயாட்டச் சொல்லுங்க எண்டவன்."

நல்லரத்தினம் அதை நம்பினார். நம்புவதைத் தவிர வேறு வழியுமில்லை. ஆனாலும் கொழும்பிலிருந்து முடிவு வரும்வரை எந்த ஊரில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்தது. மலேரியா. கண்ணகை வீடு திரும்பினாள். மகள் அவளுடைய இடுப்பைவிட்டு இறங்கவேயில்லை.

மூன்று தெர்மாமீற்றர்களைக் கழுவித் துடைத்து அலுவலகத்தில் ஒப்படைத்தார் நல்லரத்தினம். மற்றது எங்கே என்று கேட்டார் களஞ்சியம் பார்க்கிற உசனார். சீதேவிப்பிள்ளையின் புருசன் கடித்து உடைத்துவிட்டதாகச் சொன்னார்.

உசனார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மனிசனுக்குப் பல்லேது?"

"பல்லு விழுந்த முரசாலதான் கடிச்சவர்" என்றார் நல்லரத்தினம்.