மாமி காவல் இருந்த இன்பாக்ஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் மின்னஞ்சல் கணக்கு என் மனைவியின் பெயரில்தான் இருக்கிறது. அதிகாரம் மட்டும் அவளுடைய உம்மாவிடம், அதாவது என் மாமியிடம். கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவான். அப்படி வந்தவனுக்கு அந்த வீட்டில் எதையும் தூக்கி எறியும் உரிமை கிடையாது.

மனைவி ஒலுவிலில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் மின்னஞ்சலில் வர வேண்டும், வரவில்லை. அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டேன்.

"அனுப்பினம், உங்கட இன்பாக்ஸ் நிறைஞ்சு போச்சுதெண்டு திரும்பி வந்திட்டு. பின்னேரம் கடைசியா ஒருக்கா அனுப்புறம்."

திறந்து பார்த்தால், கட்டாரில் இருக்கும் மச்சான் வெள்ளி தவறாமல் அனுப்பிய ஜும்ஆ வாழ்த்துகள், துஆ வீடியோக்கள். எல்லாவற்றையும் தெரிவுசெய்து குப்பைத் தொட்டிப் படத்தை அழுத்தப் போனேன். தஸ்பீஹ் மணியும் கையுமாக மாமி பின்னால் நின்றார்.

"மகன், அல்லாஹ்ட பேரு உள்ளதையா குப்பைக்குள்ள போடுறீங்க?"

கிழிந்த மார்க்கக் கிதாபின் ஒற்றைத் தாளைக்கூடக் குப்பையில் போடாமல் பள்ளிவாசலில் ஒப்படைக்கிற வீடு இது. "பென் டிரைவில பிரதி எடுத்துட்டு அழிப்பம் மாமி" என்றேன்.

"பிரதி எடுத்தா மத்ததக் குப்பையில போடலாமா?"

மாமி பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் பிஸ்மிக்குப் பதிலாக எழுதும் 786 மட்டும் இருந்தாலும் தொட விடவில்லை. சலாம் சொல்லித் தொடங்கிய ஒரு ஃப்ரிட்ஜ் விளம்பரமும் தப்பிவிட்டது.

கடைசியில் அழிக்க மிஞ்சியவை, கல்யாணம் பேசி முடித்த காலத்தில் டோஹாவில் வேலை பார்த்த நான் அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள்தான். யார் யாருடைய கார்களிலோ சாய்ந்து நிற்கும் என் படங்கள், கூடவே கவிதைகள்.

மாமி ஒரு கவிதையை முழுதாக வாசித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல ஒரு இடத்திலயும் அல்லாஹ்ட பேரு இல்ல. அழிங்க."

மனைவி தடுப்பாள் என்று, அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தேன்.

"சுணங்காம அழிங்க, அவங்க கடிதத்த அனுப்பப் போறாங்க" என்றாள்.

அழித்து, தொட்டியையும் காலியாக்கினேன். அஸர் தொழுகைக்கு முன்னமே நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்துவிட்டது. வீடே சந்தோஷப்பட்டது. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்முகப் பரீட்சையன்று காலை, சான்றிதழ்க் கோவையை எடுத்துத் தரச் சொன்னாள். பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே ஒரு கட்டுத் தாள் இருந்தது. என் கடிதங்கள், அந்தக் கார்கள், அந்தக் கவிதைகள், எல்லாம் எப்போதோ அச்சடித்து எடுத்தவை. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் நீலப் பேனையால் அவளுடைய கையெழுத்தில் 786 என்று இருந்தது.