பாவ்ணே தோன்

கணக்குக்குப் பயந்துதான் பயாலஜி எடுத்தேன். தவளையை அறுக்கிறவளுக்கு லாகரிதம் எதற்கு என்று நிம்மதியாகப் பூனாவில் கல்லூரியில் சேர்ந்தால், முதல் வருடத்திலேயே ‘உயிரியல் மாணவர்களுக்கான அடிப்படைக் கணிதம்’ என்று ஒரு பேப்பர் காத்திருந்தது. ஒரு பாக்டீரியா இரண்டாகுமாம், இரண்டு நான்காகுமாம். அது பாட்டுக்குப் பெருகிவிட்டுப் போகிறது, நான் ஏன் கூடவே உட்கார்ந்து எண்ண வேண்டும்?

அப்பாவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். கோயமுத்தூரிலிருந்து பூனா பக்கத்துச் சிஞ்ச்வட் தொழிற்சாலைக்கு வந்த எஞ்சினியர் அவர். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் எனக்குப் பாடம் எடுத்தார். “நம்ம வம்சத்துல கணக்குல ஃபெயிலானவங்க கிடையாது அம்மிணி” என்றுதான் பாடம் தொடங்கும், முடியும். அந்தப் பெருமையைக் கெடுக்கப் பிறந்தவள் நான்தானோ என்று உள்ளூர நடுங்கினேன்.

பரீட்சை மூன்று மணிக்கு. அன்று காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது வகுப்புத் தோழி போன் செய்து, எடுத்த அப்பாவிடம், நேரத்தை மாற்றிவிட்டார்கள், ‘பாவ்ணே தோன்’ என்று மராத்தியில் சொல்லியிருக்கிறாள். மராத்தி பேசியே ஆட்களிடம் வேலை வாங்குகிறவர் அல்லவா, அப்பா உடனே மொழிபெயர்த்துவிட்டார். “பாவ்ணேன்னா முக்கால். தோன்னா ரெண்டு. ரெண்டே முக்காலுக்குப் போயிரோணும்.” மூன்றுக்குக் கால் மணி முன்னால். பொருத்தமாகத்தான் இருந்தது.

லோக்கல் ரயில் பிடித்து இரண்டரைக்கெல்லாம் பரீட்சை ஹாலுக்குப் போய் நின்றேன், முன்கூட்டியே வந்துவிட்ட பெருமிதத்தோடு. உள்ளே எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாவ்ணே தோன் என்றால் இரண்டுக்குக் கால் குறைவு, அதாவது ஒன்றே முக்கால் என்று மேற்பார்வையாளர் பொறுமையாக விளக்கினார். அரை மணிக்கு மேல் தாமதமானால் அனுமதி இல்லை என்பதையும் அதே பொறுமையோடு விளக்கினார். சிஞ்ச்வட் வரும்வரை ரயிலில் அழுதேன். இரண்டாம் வருடத்துக்கு அரியரோடு போனேன்.

ரிசல்ட் கேட்டுக் கோயமுத்தூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“என்ன பண்றதுங்ணா, பயாலஜி படிக்கற புள்ள. கணக்கு கொஞ்சம் வராது.”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ரிசீவரை வாங்கிக்கொண்டேன்.

“பெரியப்பா, நம்ம வம்சத்துல கணக்குல ஃபெயிலானது ஒருத்தர்தானுங்க. இத்தனை நேரம் உங்ககிட்டப் பேசிட்டு இருந்தது அவருதானுங்க.”