ரசாபாசத்துக்கு ஒரு பொறுப்பாளி

“ரசாபாசம் இல்லாம ஒரு கல்யாணச் சாப்பாடு இறங்குதா இவங்களுக்கு?”

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தாயுமானவன் முகூர்த்த நாளெல்லாம் இப்படித்தான் புலம்புவார். புலம்பிக்கொண்டே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்துச் சத்திரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது ஒத்தாசைக்குக் கிளம்பிவிடுவார்.

“ரசாபாசம் ரசாபாசம்கிறியே, அப்படின்னா என்னப்பா?” என்று கூட வேலை பார்த்த சவரிராஜ் ஒருநாள் கேட்டார்.

“காப்பி ஆறிப்போனா அது குறை. ‘எங்களுக்குன்னா ஆறின காப்பியா?’ன்னு மாப்பிள்ளையோட அத்தை கேட்டா அது வருத்தம். ‘ஏன், உங்க ஊர்ல அடுப்பே கிடையாதோ?’ன்னு பொண்ணோட சித்தி திருப்பிக் கேட்டாங்க பாரு, அதான் ரசாபாசம்!”

அத்தைக்கு மூக்கால் ஒரு குரல், சித்திக்குக் கீச்சென்று ஒரு குரல் என்று பேசியே காட்டினார்.

கல்யாண வீட்டில் அந்த மாதிரிச் சித்தி வாயைத் திறப்பதற்குள் தாயுமானவன் குறுக்கே விழுந்துவிடுவார். “தப்பு என்னுதுங்கம்மா.” உடனே பெண்ணின் அப்பா நாலு பேர் எதிரில், “உன்னைப் போய் நம்பினேன் பாரு!” என்று காய்ச்சுவார். மாப்பிள்ளை வீடு குளிர்ந்துவிடும். இவர் அடுத்த பந்திக்கு இலை போடப் போய்விடுவார்.

1961 ஆவணியில் அவர் மகள் சகுந்தலாவுக்கே கல்யாணம். தாலி கட்டக் கால் மணிதான் இருந்தது. மருங்காபுரியிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா அழகர்சாமி புழுதிக் காலோடு சத்திரத்துக்குள் நுழைந்தார்.

“பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னேன். வாங்கன்னு சொல்ல ஒரு ஆள் வரல. யாரு பண்ண தப்பு இது?”

பழக்கதோஷம். “என்னுதுங்க” என்றார் தாயுமானவன்.

“பொண்ணைப் பெத்தவரே மதிக்கலைன்னா அப்புறம் என்னய்யா சம்பந்தம்? டேய், எந்திரிடா!”

மணையில் இருந்த மாப்பிள்ளை பாதி எழுந்து பாதியில் நின்றான். சகுந்தலா அப்பாவைப் பார்த்தாள். எத்தனையோ பேர் பெண்ணுக்காகத் திட்டு வாங்கியவருக்குச் சொந்தப் பெண்ணுக்காக வாங்க வழியில்லை. திட்ட வேண்டிய பெண்ணின் அப்பாவும் அவரேதான்.

“அவர் தப்பு இல்லீங்க, நான்தான் வரேன்னுட்டு வராம இருந்துட்டேன்” என்று சவரிராஜ் முன்னால் வந்தார்.

“சும்மா இரு சவரி, என்கிட்டதான் சொல்லியிருந்தாங்க” என்று எழுந்தார் அம்மாசி. போன தையில் அவர் மகள் கல்யாணத்தில் உப்பில்லாத சாம்பாருக்குத் திட்டு வாங்கியவர் தாயுமானவன்தான்.

“அண்ணே, ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. நான்தான் மறந்துட்டேன்!” என்று பந்திப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அமிர்தம் கரண்டியோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

அழகர்சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. “என்னய்யா இது, ஏழு பேரா சேர்ந்து என்னை மறந்தீங்க?” என்றபோது குரலில் பாதி சிரிப்பு வந்துவிட்டது.

தாயுமானவனுக்கு மூச்சு வந்தது. அழகர்சாமியின் கையைப் பிடித்து மணையருகே அழைத்துப்போனார்.

“ஏழு பேரையும் ஒருத்தர் விடாமத் திட்டுங்க சம்பந்தி, ஆனா இப்படி முன்னால வந்து நின்னுக்கிட்டுத் திட்டுங்க, கெட்டிமேளம் அடிக்கிற அடியில ஒரு வார்த்தை வெளிய கேக்காது, உங்களுக்கும் மனசு ஆறும், எம் பொண்ணு கழுத்துலயும் தாலி ஏறும்!”