ஏசி ரூம் வாசலில் நின்றவர்

நான், என் மனைவி, வேப்பம்பட்டிலிருந்து வந்த மச்சினன், பத்தாவது பாஸான என் மகள். பாஸானால் அம்பத்தூரில் புதிதாக வந்த ஹோட்டலின் ஏசி ரூமில் சாப்பிடலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். ஃபேக்டரியில் கொடுத்த புது யூனிஃபாரத்தை இஸ்திரி போட்டு உடுத்திப் போனேன். என்னிடம் இருந்த நல்ல உடுப்பு அதுதான்.

ஏசி ரூம் கதவருகே சூப்பர்வைசர் நின்றார். ஒல்லியான ஆள், கழுத்தில் டை. வருகிறவர்களின் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். என் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"ஏசி ரிப்பேருக்கு வந்தியா? பின்பக்கமா போ."

மச்சினன் விடவில்லை. "இன்னா சார், ரிப்பேருக்கு யாராச்சும் பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு வருவாங்களா?"

"சாப்பிட வந்தோம்" என்றேன்.

"உள்ள ஃபுல்லு. அந்தாண்ட ஹால்ல குந்துங்க."

மகள் என் கையை இழுத்தாள். "ஹால்லயே சாப்ட்லாம்பா. ஃபேன் கீது."

அவர் முதலாளி இல்லை. என்னைப் போல மாதச் சம்பளக்காரர்தான். யாருக்காக எங்களைத் தடுத்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கோபமும் தீரவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஷூ போட்ட ஒருவர் வந்தார். சூப்பர்வைசர் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காலியாகக் கிடந்த நாற்காலிகளை எண்ணினேன்.

பதினான்கு.