மாகாணம் என்ற கட்டம்

நான் எந்த ஊரில் பொறியியல் படிப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஓடியது. இன்டர்மீடியட் முடித்திருந்தேன். பாறசாலையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். அங்கே ஒரு கல்லூரி உண்டு. சென்னையிலும் உண்டு. என் மனம் திருவனந்தபுரத்தில்தான் இருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மா வைக்கும் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தின்றுவிட்டுத் திங்களன்று திரும்பலாம்.

அப்பாவுக்குச் சென்னைதான். நெய்யாற்றின்கரைச் சந்தையில் மரச்சீனி வியாபாரம் செய்தவர், எல்லைப் போராட்டம் சூடுபிடித்ததும் பாதி நாள் கூட்டங்களிலேயே இருந்தார். திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்த தமிழ் பேசும் எங்கள் ஊர்களெல்லாம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிடும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. சேர்ந்தே விட்ட மாதிரிதான் நடந்துகொள்வார். "சென்னைக்கு ரெயிலு ஏறணும்னாலும் திருவனந்தபுரம் போயித்தானே ஏறணும்" என்று அம்மா சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும்.

சென்னை விண்ணப்பத்தை நான் நிரப்ப, அப்பா பக்கத்தில் நின்றார். மாகாணம் என்ற கட்டத்தில் என் கை நின்றது.

"சென்னைன்னு எழுது மக்கா."

"நாம இப்ப திரு-கொச்சியில்லியா அப்பா?"

"நீ போய்ச் சேருததுக்குள்ள எல்லாம் ஆயிரும். எழுது."

எழுதினேன்.

இருப்பிடச் சான்றுக்காகக் கிராம அதிகாரியிடம் போனேன். பார்வத்தியார் என்போம். விண்ணப்பத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சர்க்கார் இன்னும் தீருமானிக்கல்ல. ஒனக்க அப்பன் தீருமானிச்சாச்சு, இல்லியா? நான் சான்றுல உள்ளதத்தான் எழுதி ஒப்பு போடுவேன். ரெண்டும் ஒத்துவரல்லன்னா திருப்பி அனுப்பிருவினும். அந்தக் கட்டத்தத் திருத்திட்டு அனுப்பு மக்கா."

கையெழுத்துக்கு எங்கள் ஊரில் ஒப்பு என்றுதான் சொல்வோம். அவர் போட்ட ஒப்பின் மை காய்வதற்குள் தபாலாபீசுக்கு வந்துவிட்டேன். பேனா பையிலேயே இருந்தது. ஒரு சொல்லை அடித்து வேறொரு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நான் எழுதவில்லை. உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. சான்றும் விண்ணப்பமும் ஒத்துப்போகவில்லை, ஏற்பதற்கில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அப்பாவுக்கு அதைப் படித்துச் சொன்னேன். அவர் கடைக்குள் போய் மரச்சீனி மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு, "நானாக்கும் ஒனக்க படிப்பக் கெடுத்தது" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கூட்டத்துக்குப் போடும் கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினார். கல்லூரி அலுவலகத்தில் மலையாளத்தில் பணிவாகக் கேட்டு விண்ணப்பம் வாங்கினார். கூட்டங்களில் முழங்கிய அந்தக் குரலா இது என்றிருந்தது. மாகாணம் என்ற கட்டம் வந்ததும் பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் அவருக்கு எழுத்துகள் மட்டும்தான் தெரியும். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, திருவிதாங்கூர்-கொச்சி என்று அவரே எழுதி முடித்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

இடம் கிடைத்தது. மறுவருடம் எல்லை போட்டார்கள். களியக்காவிளை வரைக்கும் வந்த எல்லை எங்கள் ஊருக்கு வராமலே நின்றுவிட்டது; நாங்கள் கேரளத்தில் ஆனோம். அப்பா அன்றும் கடை திறந்தார்.

சனிக்கிழமைதோறும் நான் வீட்டுக்கு வந்தேன். கிழங்கும் சாளைக் கறியும் நான் ஆசைப்பட்டபடியே இருந்தன. அந்த ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது. அப்பாவும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து கூட உட்கார்ந்து சாப்பிடுவார். பிள்ளையை ஏன் சென்னைக்கு அனுப்பவில்லை என்று யாராவது கேட்டால், கடைசி வரைக்கும் அவருக்கு ஒரே பதில்தான்: "நானாக்கும் கெடுத்தது." நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். பேனா என் பையில் இருந்தது என்று அவரிடம் சொல்லவே இல்லை.